மூன்று நிமிடத்தில் ஒரு பதில்

மருத்துவக் கல்லூரியில் சேர 1970-இல் விண்ணப்பித்த விழுப்புரத்துப் பையனுக்கு மதிப்பெண் மட்டும் போதாது, நேர்முகத் தேர்வும் உண்டு. மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 அதற்கே ஒதுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு அல்லது என்.சி.சி., படிப்புக்கு வெளியே செய்த சேவை, உடல் திடம், பொதுத் திறன், நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யே இல்லாத செஞ்சிப் பக்கத்துப் பிள்ளை அந்த மதிப்பெண்ணுக்கு எங்கே போவான்? நாட்டம் என்பதைக் குழுவின் முன் வாயால்தான் காட்ட வேண்டும். வீட்டில் டாக்டரோ வக்கீலோ இருந்தால் “ஏன் இந்தப் படிப்பு?” என்பதற்குப் பதில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே தயாராகிவிடும். அப்பா மணிலா பயிரிடுகிறவர் என்றால் அந்தப் பதிலைச் சொல்லித்தர ஆள் கிடையாது.

அந்த ஆண்டுத் தேர்வை எதிர்த்த பெரியகருப்பன் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நேர்காணல் சராசரியாக மூன்று நிமிடம்கூட நீடிக்கவில்லை என்பது அங்கே மறுக்கப்படவில்லை. அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒருவரின் திறனை அளக்க முடியாது, 75 மதிப்பெண் மிகை என்றே நீதிமன்றமும் கருதியது. என் பார்வையில் அது மிகை மட்டுமல்ல, அநீதி. அன்று தென்னார்க்காட்டில் இருந்த இந்த இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் அந்த மூன்று நிமிடத்தில் தங்கள் பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் பேச்சுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு வரிசையாக மாற்றங்கள். 1984-இல் நுழைவுத்தேர்வு வந்தது. 1997-இல் பொறியியலுக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு. அப்பாவும் பிள்ளையும் விடியற்காலையில் பஸ் பிடித்து அண்ணா பல்கலைக்கழகம் போய், முறை வந்ததும் திரையைப் பார்த்துக் கல்லூரியைச் சொன்னார்கள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நுழைவுத்தேர்வும் 2007-இல் போனது. 2018-இலிருந்து பொறியியல் கலந்தாய்வே இணையவழிக்கு வந்துவிட்டது.

இதற்குள் கல்லூரிகளும் ஊர் தேடி வந்துவிட்டன. விழுப்புரம் காக்குப்பத்திலும் திண்டிவனம் மேல்பாக்கத்திலும் 2008-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள். 2010-இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. “வீட்டிலிருந்து போய்வரலாம், அதனால் இந்தக் கல்லூரி” என்பது ஒரு பெண்ணின் படிப்பையே காப்பாற்றும் காரணம். அன்றைய குழுவின் முன் அதைச் சொல்லியிருந்தால் நாட்டம் இல்லாதவள் என்று எழுதியிருப்பார்கள். இன்று அவள் அதை யாருக்கும் விளக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தின் பெயரும் அப்படித்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்தில் 2020-இலும் பொறியியலில் 2021-இலும் வந்தது. தயங்கிச் சொல்ல வேண்டியிருந்த பள்ளிப் பெயரே இப்போது தகுதியாகி நிற்கிறது. இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு கொண்டாடுகிறேன்.

ஆனால் “ஏன்?” என்ற அந்தக் கேள்வி ஒரேயடியாக ஒழிந்ததில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் சாய்ஸ் ஃபில்லிங் நடக்கும்போது பாருங்கள். “எந்த காலேஜ்மா முதல்ல போடணும்?” என்று கடைக்காரர் கேட்பார். பெண் அப்பாவைப் பார்ப்பாள். அப்பா, தெரிந்த பையன் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்ப்பார். நாம் கொடுக்கும் வரிசையில்தான் கணினி இடம் தேடும். கிடைக்காதோ என்ற பயத்தில் பக்கத்துக் கல்லூரியை மேலே போட்டால், கிண்டி பொறியியல் கல்லூரி கிடைக்கக்கூடிய தரவரிசை இருந்தாலும் பக்கத்துக் கல்லூரிதான் கிடைக்கும். தெரிந்தே போட்டால் அது அவள் விருப்பம். தெரியாமல் போட்டால் நான்கு வருடம்.

நேர்காணல் இன்று பெரும்பாலும் பள்ளி வாசலுக்கு நகர்ந்துவிட்டது. “எங்கள் பள்ளியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்று பெற்றோரை உட்காரவைத்துக் கேட்கும் வழக்கம் சிற்றூர்களையும் எட்டிவிட்டது. பள்ளிச் சேர்க்கையில் பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சலித்தெடுப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு தடைசெய்கிறது. முதல் முறை 25,000 ரூபாய் வரை, அடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை அபராதம். கூச்சத்தோடு தலைகுனிந்து பதில் சொல்லும் அம்மாக்கள் பலருக்கு இது தெரியாது.

கேட்க வேண்டிய இடம் வேறு. பத்தாம் வகுப்பு முடித்து பிளஸ் ஒன் சேர வரும் மரக்காணத்துப் பிள்ளையிடம் “எந்த குரூப்?” என்று மட்டும் கேட்டு ரசீது போடுகிறோம். ‘கல்லூரிக் கனவு’ வழிகாட்டி நிகழ்ச்சிகள் பன்னிரண்டாம் வகுப்பை எட்டுவதற்குள் பாதிக் கதவுகள் மூடியிருக்கும். கணிதம் எடுக்காத பிள்ளைக்குப் பொறியியலில் பெரும்பாலான கதவுகள் அப்போதே சாத்தப்பட்டுவிட்டன. சேர்க்கை நாளில் ஓர் ஆசிரியர் அரை மணி நேரம் ஒதுக்கி, “ஏம்மா இந்த குரூப்? அப்புறம் என்ன படிக்கலாம்னு இருக்கே?” என்று கேட்கட்டும். அவள் திக்கினால் காத்திருக்கட்டும். மதிப்பெண் எதுவும் போட வேண்டாம்.