பிக்கப் வண்டியின் கரிவடிகட்டி: கழற்றி எறிவதா, காப்பாற்றுவதா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு உரையும் கேள்வி பதிலும்)



சிலிம் ரிவர், துரோலாக், பேராங் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. அதோடு பிக்கப் வண்டியும் வந்து சேர்ந்தது. உரம் ஏற்றுகிறவர், குலை வெட்டும் ஆட்களை அழைத்துப் போகும் குத்தகைக்காரர், பாசார் மாலாமில் கடை போடுகிறவர் என்று பலருக்கு அந்த வண்டிதான் பிழைப்பு. அது ஒரு நாள் படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

புதிய டீசல் வண்டி வாங்கியவர்கள் சொல்லும் ஒரு குறை இருக்கிறது. முகப்பில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சில நாள் கழித்து வண்டி இழுக்க மறுக்கிறது. பட்டறைக்குப் போனால், ‘வடிகட்டி அடைத்துவிட்டது, புதிது போட வேண்டும்’ என்று ஆயிரக்கணக்கான வெள்ளியில் ஒரு தொகை சொல்கிறார்கள். அடுத்த பட்டறையிலோ, ‘எதற்கு இவ்வளவு செலவு? அதை வெட்டி எடுத்துவிட்டு கம்ப்யூட்டரை மாற்றிவிட்டால் தீர்ந்தது’ என்கிறார்கள். இந்த இரண்டில் எது சரி? பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே சரியல்ல என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அடுப்பும் சாம்பலும்

டி.பி.எப். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சாமான், டீசல் புகையில் உள்ள கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி. புகைக்குழாயின் பாதையில் ஒரு இரும்பு உறை இருக்கும். அதற்குள்ளே பீங்கான் போன்ற பொருளால் ஆன தேன்கூடு. அந்தக் கூட்டின் ஒவ்வொரு குழலும் ஒரு முனையில் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே புகை உள்ளே நுழைந்தால் பக்கச் சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். காற்று போய்விடும், கரி தங்கிவிடும். நல்ல நிலையில் உள்ள வடிகட்டி கரித்துகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பிடித்துவிடும். 2000-ஆம் ஆண்டில் பிரான்சின் பெஜோ நிறுவனம் தன்னுடைய 607 காரில் இதைப் பொருத்தி விற்பனைக்கு விட்டது. பிறகு ஐரோப்பா முழுவதும் பரவி, இன்று பிக்கப் வண்டிகளுக்கும் வந்துவிட்டது.

பிடித்த கரியை என்ன செய்வது? ரப்பர் ஷீட் காயவைக்கும் புகைக்கூடத்தைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும். நாள்பட நாள்பட சுவரெல்லாம் கரி அப்பிக்கொள்ளும். அங்கே ஆள் வைத்துச் சுரண்டலாம். வண்டிக்குள் ஆள் வைக்க முடியுமா? அதனால் வடிகட்டியே ஓர் அடுப்பாக மாறிக் கரியை எரித்துக்கொள்ளும்படி செய்திருக்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. நெடுஞ்சாலையில் நல்ல வேகத்தில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கரி மெல்ல மெல்ல எரிந்துவிடும். அது போதாதபோது, வண்டியின் கணினி கொஞ்சம் டீசலைக் கூடுதலாகச் செலுத்தி, வடிகட்டியின் சூட்டை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியசுக்கு ஏற்றிவிடும். பத்து முதல் முப்பது நிமிடத்தில் கரி எரிந்து முடியும். சில நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இது நமக்குத் தெரியாமலே நடக்கும்.

ஒன்றை மறக்கக் கூடாது. விறகு எரிந்தாலும் அடுப்பில் சாம்பல் மிஞ்சும் அல்லவா? அப்படியே இங்கும் சாம்பல் மிஞ்சும். அது பெரும்பாலும் இயந்திர எண்ணெயில் கலந்துள்ள உலோக உப்புகளிலிருந்து வருவது. கரி எரியும், சாம்பல் எரியாது. கரியால் வந்த அடைப்புக்கும் சாம்பலால் வந்த அடைப்புக்கும் மருந்து வேறு வேறு.

ஏன் அடைக்கிறது?

முதல் காரணம், நாம் வண்டியை ஓட்டுகிற விதம். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு ஐந்து கிலோமீட்டர். தோட்டத்துக்குள்ளே இரண்டாவது கியரில் ஊர்ந்து போகிறோம். குலை ஏற்றும் வரை ஏர்கான் போட்டுக்கொண்டு இயந்திரத்தை அணைக்காமல் காத்திருக்கிறோம். புகை சூடாகவே இல்லை. கணினி சூட்டை ஏற்றத் தொடங்கும் நேரத்தில் நாம் சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறோம். பற்றவைத்த அடுப்பில் தண்ணீர் ஊற்றின கதைதான். நாலைந்து முறை இப்படி நடந்தால் கரி மலைபோல் சேர்ந்துவிடும்.

இரண்டாவது காரணம், கரியை அளவுக்கு மேல் உண்டாக்கும் வேறு பழுது. ஒழுகும் இன்ஜெக்டர், எண்ணெய் கசியும் டர்போ, கரி பிடித்த இ.ஜி.ஆர். வால்வு இவற்றில் ஏதாவது இருந்தால், புது வடிகட்டி போட்டாலும் மறுபடி அடைக்கும். சில சமயம் வடிகட்டி நன்றாகவே இருக்கும். அழுத்தத்தை அளக்கும் சென்சாரின் சிறு ரப்பர் குழாய் வெடித்திருக்கும், அவ்வளவுதான். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வடிகட்டியை மாற்றுவது, கூரை ஒழுகும்போது பாயை மாற்றிப் போடுவது போல.

மூன்றாவது, எண்ணெயும் டீசலும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த இயந்திர எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். எந்தத் தரம் என்று கையேட்டில் போட்டிருக்கும். மலிவு என்று வேறு எண்ணெய் ஊற்றினால் சாம்பல் சீக்கிரம் நிறையும். டீசலைப் பொறுத்தவரை முன்பு இருந்த கவலை குறைந்திருக்கிறது. யூரோ 2எம் டீசலில் ஒரு மில்லியனில் 500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். யூரோ 5 டீசலில் அது 10 பங்குதான். 2021 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டு எண்ணெய் நிலையங்கள் யூரோ 5 டீசலுக்கு மாறிவிட்டன. ஆனால் தோட்டத்துக் கொட்டகையில் டிராக்டருக்காக டிரம்மில் கிடக்கும் பழைய டீசலை வண்டியில் ஊற்றாதீர்கள்.

விளக்கு எரிந்தால்

மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் பயப்பட வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். ‘எனக்குக் கொஞ்சம் ஓட்டம் கொடு’ என்று வண்டி கேட்கிறது, அவ்வளவுதான். முதலில் எண்ணெய்க் குச்சியை எடுத்துப் பாருங்கள். எண்ணெய் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் ஓட்டவே கூடாது. கரியை எரிக்கச் செலுத்திய டீசல் எரியாமல் எண்ணெயோடு கலந்திருக்கிறது என்று பொருள். நாம் ஊற்றும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த பயோடீசல் கலந்திருக்கிறது. அது அப்படிக் கலந்துவிட்டால் சாதாரண டீசலைப் போல் எளிதில் ஆவியாகிப் போகாது. ஆகவே இயந்திர எண்ணெயைக் காலந்தவறாமல் மாற்ற வேண்டியது இங்கே இன்னும் அவசியம்.

எண்ணெய் சரியாக இருந்து, இந்த ஒரு விளக்கு மட்டும் எரிந்தால், நெடுஞ்சாலைக்குப் போங்கள். சிலிம் ரிவர் டோலில் ஏறி, சுங்காய், பீடோர் பக்கம் 80 அல்லது 90 கிலோமீட்டர் வேகத்தில், நடுவில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓட்டுங்கள். டாங்கியில் டீசல் கால் பாகத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். டீசல் குறைந்தால் பல வண்டிகள் கரி எரிப்பதைத் தள்ளிப்போடும். பெரும்பாலும் விளக்கு அணைந்துவிடும்.

அணையாவிட்டாலோ, இயந்திர விளக்கும் சேர்ந்து எரிந்தாலோ, வண்டி இழுக்காவிட்டாலோ, மேலும் ஓட்டிப் பார்க்காதீர்கள். பட்டறையில் கணினிக் கருவியைச் செருகி, கரி எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, முன்பின் அழுத்தம் எவ்வளவு என்று எண்களைக் கேளுங்கள். கரி என்றால் கருவி மூலமாகவே எரிக்க வைக்கலாம். சாம்பல் என்றால் வடிகட்டியைக் கழற்றி, அதற்கான இயந்திரத்தில் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியை விட்டுக் குத்தினாலோ, தட்டி உதறினாலோ உள்ளே உள்ள கூடு உடைந்துவிடும். எண் எதுவும் காட்டாமல் ‘மாற்று’ என்று மட்டும் சொல்லும் பட்டறையில் பணப்பையைத் திறக்காதீர்கள்.

லாலான் புல்லில் நிறுத்தாதீர்கள்

தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் இதை முக்கியமாகக் கேட்க வேண்டும். கரி எரியும் நேரத்தில் வண்டியின் அடியில் கொதிக்கும் சூடு இருக்கும். அப்போது காய்ந்த லாலான் புல் மீதோ, செம்பனை மட்டை மீதோ வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். வடிகட்டியைச் சுற்றிப் புல் சேர்ந்து தீப்பிடிக்கும் அபாயத்துக்காக ஆஸ்திரேலியாவில் போர்ட் ரேஞ்சர் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை, வண்டி ஆறியபின், அடியில் குனிந்து பார்த்துச் சிக்கிய புல்லை எடுத்துவிடுங்கள். கரி எரிகிறதா என்று எப்படித் தெரியும்? நின்றிருக்கும்போது இயந்திரம் வழக்கத்தைவிடச் சற்று வேகமாகச் சுற்றும், சூட்டு வாடை வரும், அணைத்த பிறகும் விசிறி ஓடும்.

வெட்டி எறிந்தால் என்ன?

‘எல்லாரும்தான் எடுத்துவிடுகிறார்கள்’ என்று சொல்வார்கள். எடுத்தால் விளக்கு எரியாது, வண்டி இழுக்கும், உண்மைதான். ஆனால் அந்தக் கரி எங்கே போகிறது? 2012 ஜூன் மாதம் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தியது. நமது தலைமுடியின் பருமனில் பல மடங்கு சிறிய துகள்கள் அவை. மூக்கின் மயிரில் தங்காமல் நுரையீரலின் அடிவரை போகும். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதால் துகள் இல்லை என்று ஆகாது.

காலையில் வாசலில் வண்டியைச் சூடேற்றுகிறோம். பக்கத்தில் பள்ளிக்குப் போகும் பிள்ளை நிற்கிறது. திண்ணையில் ஆஸ்துமாக்காரப் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். வெட்டி எறிந்த வடிகட்டியின் வேலையை அவர்களுடைய நுரையீரல்தான் செய்கிறது. வடிகட்டியை மாற்றினால் பணம் போகும். இப்போது போவது அதைவிடப் பெரியது.

சட்டமும் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டின் டீசல் இயந்திரப் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் புகையின் கருமைக்கு வரம்பு வைத்திருக்கின்றன. பிரிட்டனில் 2014 பிப்ரவரி முதல், வடிகட்டி இருக்க வேண்டிய வண்டியில் அது இல்லையென்றால் ஆண்டுப் பரிசோதனையில் தேறாது. வெட்டியெடுத்த வண்டிக்கு நிறுவனத்தின் உத்தரவாதமும் கேள்விக்குறியாகிவிடும்.

எல்லாம் ஓட்டுநரின் தவறா?

‘நீங்கள் ஓட்டும் விதம்தான் சரியில்லை’ என்று வாங்கியவர் தலையிலேயே எப்போதும் பழியைப் போடுவதும் நியாயமாகாது. ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு இதற்குச் சாட்சி. 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை அங்கே விற்கப்பட்ட டொயோட்டா ஹைலக்ஸ், பார்ச்சூனர், பிராடோ வண்டிகள் மொத்தம் 264,170. இவற்றில் வடிகட்டி அமைப்பே குறைபாடானது என்று 2022 ஏப்ரலில் அந்நாட்டுக் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேடிக்கை என்னவென்றால், மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓட்டினாலே அங்கே சிக்கல் வந்தது. வெள்ளைப் புகை, நாற்றம், கூடுதல் டீசல் செலவு என்று மக்கள் அவதிப்பட்டார்கள். 2018-இல் கரியை எரிக்க ஒரு பொத்தான் வைத்துப் பார்த்தார்கள். 2020-இல்தான் சரியான தீர்வு கிடைத்தது. வண்டி மதிப்பில் 17.5 விழுக்காடு குறைவு என்று முதல் தீர்ப்பு கணக்கிட்டது. 2023-இல் மேல்முறையீட்டில் அது 10 விழுக்காடாகக் குறைந்தது. 2024 நவம்பரில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டை மறுபடி கணக்கிடும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது.

இது அங்கே விற்ற வண்டிகளின் கதை. இங்குள்ள வண்டியிலும் அதே குறை என்று நான் சொல்லவில்லை. நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. கையேட்டின்படி எண்ணெய் மாற்றி, ஓட்டமும் கொடுத்து, அப்படியும் விளக்கு திரும்பத் திரும்ப வந்தால், தேதி, கிலோமீட்டர், பட்டறைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வண்டியென்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முறையிடலாம். 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை, சீட்டுகள்தான் தேவை.

அரங்கில் எழுந்த கேள்விகள்

*என் வண்டியில் இந்த வடிகட்டி இருக்கிறதா என்று எப்படி அறிவது?*

நம் நாட்டில் ஓடும் எல்லாப் பிக்கப் வண்டிகளிலும், முக்கியமாகப் பழைய வண்டிகளில், இது கிடையாது. கையேட்டைப் பாருங்கள். வண்டி ஆறியிருக்கும்போது புகைக்குழாயின் வாய்க்குள் விரலை விட்டுத் தேய்த்தும் பார்க்கலாம். நல்ல வடிகட்டி இருந்தால் விரலில் கரி அவ்வளவாக ஒட்டாது. கன்னங்கரேலென்று ஒட்டினால், ஒன்று வடிகட்டி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

*கடையில் விற்கும் மருந்தை டீசலில் ஊற்றினால் போதாதா?*

கரி எரிய அது ஓரளவு உதவலாம். சாம்பலை அகற்றாது, ஒழுகும் இன்ஜெக்டரையும் சரிசெய்யாது. நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு ஆகும் டீசலைவிட மருந்துக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறோமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*வாசலில் நிறுத்தி இயந்திரத்தை ஓடவிட்டால் கரி எரியாதா?*

எரியாது, இன்னும் சேரும். சில வண்டிகளில் நிறுத்தி வைத்து எரிப்பதற்கென்றே பொத்தான் உண்டு. அது இருந்தால் கையேட்டின்படி, தரை வெறுமையாக உள்ள திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய கொட்டகையில் செய்வது உயிருக்கே ஆபத்து.

*டீசல் விற்கும் விலையில் சும்மா நெடுஞ்சாலையில் ஓட்டச் சொல்கிறீர்களே?*

நியாயமான கேள்வி. 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறியதை யாரும் மறக்கவில்லை. அதனால் சும்மா ஓட்ட வேண்டாம். உரம் வாங்கவோ, உறவினரைப் பார்க்கவோ எப்படியும் தாப்பா பக்கம் போகிற வேலை வரும். பத்து நாளைக்கு ஒரு முறையாவது அந்த வேலைக்கு இந்த வண்டியையே எடுத்துக்கொண்டு போங்கள். குறுகிய ஓட்டம் மட்டுமே உங்கள் தேவை என்றால், அடுத்த முறை டீசல் வண்டி வாங்குமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

மாட்டுக்குத் தீனி வைக்காமல் பால் கறக்க முடியாது என்பது நமக்குத் தெரியும். இந்த வடிகட்டி கேட்கும் தீனி கொஞ்சம் சூடு, சரியான எண்ணெய், காலத்தில் ஒரு பரிசோதனை. அதைக் கொடுங்கள். பிழைப்பும் நடக்கும், பிள்ளைகளின் மூச்சும் நலமாக இருக்கும்.