ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

நம் தொழிலில் சரக்கு இரண்டே வகைதான். ஒன்று ஓடுகிற சரக்கு, மற்றது ஓடாத சரக்கு. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஓடாத சரக்கை நாம் எடுப்பதில்லை. குடோனில் கிடந்து வட்டியைத் தின்னும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கார் வாங்கும்போது மட்டும் இந்தப் பழக்கத்தை மறந்து விடுகிறோம். விலை கேட்கிறோம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்கிறோம். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப் போகிறோம் என்று நம்மை நாமே கேட்டுக் கொள்வதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. சில ஆண்டுகளாக நம் நாமக்கல், கரூர், சேலம் வட்டாரத்திலும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை வந்திருக்கிறது. ஆசைப்படுவது தவறில்லை. புதிய வண்டி பல கோடி என்பதால் பெங்களூர், சென்னை, கொச்சி என்று பழைய வண்டி தேடுகிறார்கள். அந்த விளம்பரங்களில் தவறாமல் ஒரு வரி இருக்கும்: இத்தனை வருட வண்டி, ஓடியது இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியிடம் மகன் இப்படி ஒரு விளம்பரத்தைக் காட்டினான். ஆறு வருடத்தில் 7,000 கி.மீ. ஓடிய வண்டி. அவர் பார்த்து விட்டு, "ஏன் கண்ணு, ஆறு வருசத்துல ஏழாயிரம்தான் ஓட்டுனான்னா, அவன் எதுக்கு இதை வாங்குனான்?" என்றார். "அதெல்லாம் அப்படித்தாங்கப்பா, தினம் ஓட்டற வண்டியில்லீங்க" என்றான் மகன். தகப்பனார் கேட்டது சரியான கேள்வி. அதற்குரிய பதிலைத்தான் இங்கே விரித்துச் சொல்ல முயல்கிறேன்.

அந்த விளம்பரம் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. உலகம் முழுவதும் இவ்வகை வண்டிகள் ஓடுவது குறைவுதான். அமெரிக்காவில் சாதாரணமாக ஓர் ஓட்டுநர் ஆண்டுக்குச் சராசரியாக 13,500 மைல், அதாவது ஏறத்தாழ 21,700 கி.மீ. ஓட்டுகிறார் என்பது அந்நாட்டு நெடுஞ்சாலைத் துறையின் கணக்கு. பெராரி, லம்போர்கினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் அதில் நான்கில் ஒரு பங்கைக் கூடத் தொடுவதில்லை. இங்கிலாந்தில் பழம்பெரும் கார்களுக்கும் இத்தகைய கார்களுக்கும் ஆண்டுக்கு 3,000 மைல், 5,000 மைல் என்று வரம்பு கட்டியே காப்பீட்டுப் பாலிசி விற்கிறார்கள். குறைவாக ஓட்டுவார் என்று காப்பீட்டுக்காரரே எதிர்பார்க்கிறார் என்று அர்த்தம்.

இத்தனைக்கும் இவை அதிகம் கிடைக்கும் பொருள் அல்ல. பெராரி நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் உலகம் முழுமைக்கும் கொடுத்தது 13,752 வண்டிகள். லம்போர்கினி 2023-இல்தான் முதன்முறையாக ஆண்டுக்கு 10,000 வண்டிகளைத் தாண்டியது.

ஏன் ஓட்டுவதில்லை? முதல் காரணம் மீட்டர். இந்த வண்டிகளுக்கு மறுவிற்பனை விலையை மீட்டர் தீர்மானிக்கிறது. நூறு கிலோமீட்டர் ஓட்டி விட்டு வந்தால் விலையில் கொஞ்சம் போயிற்று என்று மனம் கணக்குப் போடும். அப்படிக் கணக்குப் போடுகிறவன் வண்டியை எடுக்க மாட்டான். கொலு பொம்மை மாதிரி துடைத்துத் துடைத்து வைப்பான். நம் ஊர்த் தேரும் ஆண்டில் ஒரு நாள்தான் ஓடுகிறது. ஆனால் அன்று ஊரே வடம் பிடிக்கிறது.

இரண்டாவது காரணம் சாலை. இந்த வண்டிகளின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையே ஐந்து அங்குல அளவுதான் இடைவெளி இருக்கும். வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் என்று இந்திய சாலைகள் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளில் அந்த அளவில் இருக்கும் தடைகளை எண்ணி விடலாம். முன்பக்கத்தைச் சற்றுத் தூக்கிக் கொள்ளும் வசதி பல வண்டிகளில் உண்டு. தெருவுக்குத் தெரு தூக்கி இறக்கி எவ்வளவு தூரம் போவது? மணிக்கு 300 கி.மீ. ஓடக்கூடிய வண்டியை அந்த வேகத்தில் ஓட்ட நம் நாட்டில் எந்தப் பொதுச் சாலையிலும் சட்டம் இடம் தரவில்லை. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளம் அல்லது கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி ஸ்பீட்வே என்று தேடிப் போக வேண்டும். வேலை என்று வந்தால் லம்போர்கினிக்கு நமக்கு அருகில் உள்ள இடம் பெங்களூர். அங்கே அதை லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். லாரி ஓடுகிறது, கார் அதன் மேல் உட்கார்ந்து போகிறது.

இனி நாம் நன்கு அறிந்த வேலைக்கு, கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் நான் கணக்குக்காக வைத்துக் கொண்டவை. உங்கள் வண்டிக்கு உங்கள் தொகையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

வண்டிச் செலவில் இரண்டு வகை உண்டு. பெட்ரோல், டயர், ஆயில் ஆகியவை ஓடினால் வருவது. முதலுக்கான வட்டி, தேய்மானம், காப்பீடு ஆகியவை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது. இந்த இரண்டாவதை 'நின்ற செலவு' என்று வைத்துக் கொள்வோம்.

12 லட்ச ரூபாய்க்கு ஒரு சாதாரணக் கார் வாங்கி 8 ஆண்டு வைத்து 3 லட்சத்துக்கு விற்கிறோம். தேய்மானம் ஆண்டுக்கு 1,12,500. சராசரியாக 7.5 லட்சம் முடங்குகிறது, 9 சதவீத வட்டிக்கு 67,500. காப்பீடு 30,000. ஆக நின்ற செலவு 2,10,000. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டினால் கிலோமீட்டருக்கு 14 ரூபாய். 5,000 கி.மீ.தான் ஓட்டினால் 42 ரூபாய். பெட்ரோல் இதற்கு மேல். அதே கார், அதே விலைதான். ஓட்டம் குறைந்ததால் செலவு மூன்று மடங்கு.

இப்போது நாமக்கல் லாரி ஒன்றைப் பாருங்கள். விலை 40 லட்சம். வட்டி 3.6 லட்சம், தேய்மானம் 5 லட்சம், காப்பீடு, வரி, பர்மிட், எப்.சி. எல்லாம் 1.4 லட்சம். மொத்தம் 10 லட்சம். மாதம் 8,000 கி.மீ.க்கு மேல் ஓடி ஆண்டுக்கு 1 லட்சம் கி.மீ. தொடுகிற வண்டிக்கு நின்ற செலவு கிலோமீட்டருக்கு 10 ரூபாய்தான். காரைவிட மூன்று பங்கு விலை கூடிய லாரிக்கு நின்ற செலவு காரை விடக் குறைவு. லாரி இரண்டு நாள் லோடு இல்லாமல் நின்றால் நம் லாரி நண்பர்கள் ஏன் தூக்கமில்லாமல் தவிக்கிறார்கள் என்பது இதில் தெரியும்.

அடுத்து அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். 1.5 கோடி என்று வைப்போம். வட்டி 13.5 லட்சம், தேய்மானம் 10 லட்சம், காப்பீடு 3 லட்சம், ஆண்டுப் பராமரிப்பு 2 லட்சம். மொத்தம் 28.5 லட்சம். ஆண்டுக்கு 2,000 கி.மீ. ஓட்டினால் கிலோமீட்டருக்கு 1,425 ரூபாய். மோகனூரிலிருந்து நாமக்கல் போய் வர 36 கி.மீ. அளவு. அந்த ஒரு நடைக்கு பெட்ரோல் நீங்கலாக 51,300 ரூபாய்.

இதில் வங்கி வட்டிதான் போட்டிருக்கிறேன். அதே 1.5 கோடி மளிகைச் சரக்கில் ஆண்டுக்கு 8 சுற்று வந்து, சுற்றுக்கு 2 சதவீதம் நின்றால் 24 லட்சம் லாபம். மாசி, பங்குனியில் புளியும் மிளகாயும் வரத்து ஆகும்போது கையில் ரொக்கம் உள்ளவனுக்குத்தான் விலை. அந்த நேரத்தில் முதலைக் கொட்டகையில் பூட்டி வைத்து விட்டு, தவணைக்குச் சரக்கு எடுத்துக் கூடுதல் விலை கொடுத்த வியாபாரிகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கடையில் மாற்றம் உடனே தெரியாது. ஒரு வருடம் கழித்து அலமாரியில் சரக்கு குறையும். அப்போது வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்.

"கம்பெனி பெயரில் வாங்கினால் வரி மிச்சம்" என்று சொல்லுகிறவர்கள் உண்டு. ஆடிட்டரைக் கேட்காமல் இதை நம்ப வேண்டாம். 13 பேர் வரை அமரும் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை, கார் வியாபாரி, டாக்சிக்காரர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி போன்ற சிலரைத் தவிர, மற்றவர்கள் உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்க முடியாது. பெரிய கார்களுக்கு 22-9-2025 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். சரக்கு வண்டிக்கு அதே நாளில் 28-லிருந்து 18 ஆகக் குறைந்தது, அதையும் கணக்கில் எடுத்துக் கொள்ளலாம். வருமான வரியில் காருக்குத் தேய்மானம் 15 சதவீதம். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதி. சொந்த உபயோகத்துக்கு ஓடிய பங்கை அதிகாரி தள்ளுபடி செய்யலாம். எனவே சாதாரணக் காருக்கும் எங்கே, எதற்கு, எத்தனை கி.மீ. என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருவது நல்லது.

ஓடாத வண்டி புதிதாகவே இருக்கும் என்பது அடுத்த தவறான எண்ணம். ஒரே இடத்தில் நின்றால் டயரில் தட்டை விழும். பாட்டரி இறங்கும், அதற்கென்று எப்போதும் கரண்டில் சொருகி வைக்கும் சார்ஜர் விற்கிறார்கள். ரப்பர் சீல்கள் காய்ந்து ஆயில் கசியும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். சர்க்கரை ஆலை உள்ள மோகனூர்க்காரர்களுக்கு எத்தனால் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அது ஈரத்தை இழுக்கும் பொருள். மாதக்கணக்கில் டேங்கில் நிற்பது நல்லதல்ல. எலி ஒயரைக் கடிப்பது தனிக் கதை. குடோன் வைத்திருப்பவர்களுக்கு எலியைப் பற்றி நான் பாடம் நடத்தக் கூடாது. பெராரியில் 1990-களில் வந்த எப்.355 என்ற மாடலுக்கு டைமிங் பெல்ட்டைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஓடினாலும் ஓடாவிட்டாலும், மாற்றியாக வேண்டும். அதற்கு எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும்.

ஓட்டினால் வண்டி கெட்டு விடுமா? அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966-இல் வால்வோ பி.1800 என்ற சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். 2013-இல் அதே வண்டியில் 30 லட்சம் மைல் தொட்டார். 47 ஆண்டுகளில் 48 லட்சம் கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு 1 லட்சம் கி.மீ.க்குச் சற்று மேல், நம் நாமக்கல் லாரி ஓட்டம்! கம்பெனி சொன்ன கெடுவில் தவறாமல் ஆயில் மாற்றி சர்வீஸ் செய்து வந்தார். இங்கிலாந்தில் ஒரு லம்போர்கினி 2,50,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆசைப்பட்டவர்கள் காசு கொடுத்து ஓட்டிப் பார்க்கும் தொழிலுக்கு அதை விட்டிருந்தார்கள். நின்ற இடத்திலேயே சம்பாதிக்கும் கார் வேண்டுமானால் கோவை அவினாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியத்தில் பார்க்கலாம். அங்கே நாம் டிக்கெட் வாங்கி உள்ளே போகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு, கடையில் முதல் குறையாமல், கடன் இல்லாமல், உபரிப் பணத்தில் ஒருவர் வாங்கினால் நான் தடுக்க மாட்டேன். வாங்கினால் ஓட்டட்டும். வாங்குமுன் சில விஷயங்களைப் பார்த்துக் கொள்ளட்டும்.

வெளிமாநில வண்டி என்றால் அங்குள்ள தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே ஆயுள் வரி கட்டியாக வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் வரி உயர்ந்தபோது, 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு 20 சதவீதம் என்று ஆனது. பழைய வண்டிக்கு அதன் வயதுக்கேற்பக் குறையும். வரியை மிச்சம் பிடிக்க வேறு மாநில முகவரியில் பதிந்து ஓட்டுவது வம்பு. புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிந்ததற்காக 2017-இல் கேரளத்தில் பிரபலங்கள் மீதே வழக்கு வந்தது.

காப்பீட்டில், ஓடும் தூரத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் கூடுதல் வசதியைக் காப்பீட்டு ஆணையம் 2022 ஜூலையில் அனுமதித்தது. சொந்தச் சேதப் பகுதிக்குத்தான் இது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு இல்லை. வீட்டில் இரண்டு, மூன்று சாதாரணக் கார் வைத்திருப்பவர்களும் ஏஜெண்டிடம் கேட்கலாம்.

கடைசியாக, மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். சர்வீஸ் பில்களை வருட வாரியாகக் கேளுங்கள்; ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் இருக்கும். பிரேக் மிதியின் ரப்பரைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். 7,000 கி.மீ.தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் வண்டியை விடப் புதிதாக இருந்தால், பழைய டயர் வயதாகிப் போயிற்றா, ஓடித் தேய்ந்ததா என்று விற்பவரிடம் கேட்டு, மாற்றிய பில்லையும் வாங்கிப் பாருங்கள்.