திருமுக்கூடல் தபால் – 14: ‘வீட்டில் சௌக்கியமா?’

சென்ற வாரம் மார்சேல் துறைமுகத்தில் நிறுத்தினோம். 1914 செப்டம்பர் இறுதி, கப்பலிலிருந்து இந்தியப் படை இறங்கிக்கொண்டிருந்தது. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இவ்வளவு போதும். இந்த வாரம் இத்தாலிக்கு, மின்யானோவுக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் ஒரு கடிதம் மறித்துக்கொண்டது. அதில் இருப்பது முழுக்க மிளகைப் பற்றிய பேச்சு. அதை விட்டுவிட்டு மேலே போக மனம் வரவில்லை.

பிரான்சிலிருந்த ஓர் இந்தியச் சிப்பாய் 1915இல் ஊருக்கு எழுதுகிறான்: கருப்பு மிளகு கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகைப் போடுகிறார்கள், கருப்பில் உள்ள காரம் சிவப்பில் இல்லை. கடிதத்தைப் பிரித்துப் படித்த தணிக்கை அதிகாரிக்கு இது சமையல் சமாசாரம் அல்ல என்பது உடனே புரிந்துவிட்டது. கருப்பு என்றால் இந்தியச் சிப்பாய்கள், சிவப்பு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள். நம்மவர்கள் செத்துத் தீர்ந்துகொண்டிருக்கிறார்கள், இப்போதுதான் அவர்களை முன்னால் அனுப்புகிறார்கள், சண்டையில் அவர்கள் நம்மவர்களுக்கு ஈடாகவில்லை என்பது செய்தி. இந்துஸ்தானியில் இரண்டுக்கும் மிர்ச் என்றே பெயர். காலி மிர்ச், லால் மிர்ச் என்று நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். தமிழில் இந்தச் சங்கேதம் இவ்வளவு எளிதாக விழாது. நமக்கு மிளகு வேறு, மிளகாய் வேறு. மிளகாய் 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியரோடு வந்து இறங்கிய அமெரிக்கக் காய். இங்கே வந்த பிறகு மிளகின் பெயரையே கடன் வாங்கி ‘மிளகு காய்’ ஆயிற்று. கடன் கொடுத்த மிளகு இன்று ரசத்துக்கும் பொங்கலுக்கும் ஒதுங்கிவிட, வந்த காய் அடுப்படி முழுவதையும் பிடித்துக்கொண்டது. அந்தச் சிப்பாய் காஞ்சிபுரத்துக்காரனாக இருந்திருந்தால் வேறு உவமை தேடியிருப்பான். பட்டு நூலும் பருத்தி நூலும் என்று எழுதியிருப்பானோ என்னவோ. எந்த ஊர்க்காரன் எழுதினாலும் அவன் நம்பியது ஒன்றைத்தான்: ஒரே அடுப்படியில் வளர்ந்தவர்களுக்குப் புரிவது மூன்றாம் ஆளுக்குப் புரியாது. அந்த நம்பிக்கை பொய்த்ததற்குக் காரணம் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஆள். தணிக்கைக்குத் தலைமை தாங்கிய ஈவ்லின் ஹோவெல் இந்திய எல்லைப்புற நிர்வாகத்தில் பழகியவர். பின்னாளில் மசூதுப் பழங்குடியினரைப் பற்றி நூல் எழுதியவர். குஷால் கான் கட்டக்கின் பஷ்தோ கவிதைகளை மொழிபெயர்த்தவர். உவமையும் ஜாடைப் பேச்சும் அவருக்குப் புதிதல்ல.

மிளகுக் கடிதம் இன்று நம் கைக்கு வந்து சேர்ந்திருப்பது எப்படி என்ற கேள்விதான் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது பிழைத்தது, தணிக்கைக்காரருக்குச் சந்தேகம் வந்ததால். சந்தேகம் வந்த கடிதங்களையும், படையின் மனநிலையைக் காட்டும் கடிதங்களையும் அவர் அலுவலகம் ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்த்தது. அந்த அறிக்கைகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன. டேவிட் ஒமிசி 1999இல் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். 1915 மார்ச் வாக்கில் பிரான்சிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் முதல் இருபதாயிரம் கடிதங்கள் வரை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதில் அறிக்கைக்கு ஏறியது ஒரு கைப்பிடி. மீதியெல்லாம் மறுபடி ஒட்டப்பட்டு, கப்பலேறி, ஊர் போய்ச் சேர்ந்து, படிக்கப்பட்டு, பரணிலும் பெட்டியிலும் செல்லரித்துப் போயின. அதாவது அரசாங்கத்துக்கு ஆர்வமூட்டிய கடிதம் பிழைத்தது, ஆர்வமூட்டாத கடிதம் அழிந்தது. கடல் கடந்த சிப்பாய் மனைவிக்கு எழுதிய சாதாரணக் கடிதத்தில் அரசாங்கத்துக்கு என்ன ஆர்வம் இருக்க முடியும்? மாடு கன்று போட்டதா, பணம் வந்து சேர்ந்ததா, பையனுக்குக் காய்ச்சல் விட்டதா. அதனால்தான் இந்தத் தொகுப்புகளில் தகப்பனுக்கும் அண்ணனுக்கும் சிநேகிதனுக்கும் எழுதியவை நிறையத் தென்படுகின்றன, மனைவிக்கு எழுதியவை அபூர்வமாக இருக்கின்றன. இதை வைத்து, அந்தக் காலத்துச் சிப்பாய் பெண்டாட்டிக்கு எழுதவில்லை, அவளை நினைக்கவும் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு என்பதே என் வாதம். நாம் பார்ப்பது சிப்பாயின் மனசை அல்ல, தணிக்கைக்காரரின் சல்லடையை.

அரசு எதை எண்ணுகிறதோ அது மிஞ்சும் என்பதற்கு லண்டன் வரை போக வேண்டியதில்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரிலேயே சாட்சி இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, அங்கே ‘வீரசோழன்’ என்ற பெயரில் நடந்த ஆதுலர் சாலையை விவரிக்கிறது. 15 படுக்கை. கோதண்டராம அசுவத்தாம பட்டர் என்ற வைத்தியர். அறுவை செய்ய ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். இரவெல்லாம் எரியும் விளக்குக்கு எண்ணெய். ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகள் பெயர் பெயராக வெட்டப்பட்டிருக்கின்றன: தசமூல அரீதகி, வில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று. இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கல்லில், அந்த 15 படுக்கையில் படுத்திருந்தவர்களில் ஒருவர் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிய வார்த்தை ஒன்றுகூட இல்லை. அதே அரசனின் மணிமங்கலம் கல்வெட்டில் ஒரு கடிதம் இருக்கிறது. ஆனால் அது பகை அரசனின் கடிதம்: சாளுக்கியன் ஆகவமல்லன் போர்க்களத்தின் பெயரைக் குறித்துச் சண்டைக்கு அழைத்து அனுப்பிய ஓலை. வீரராசேந்திரன் சொன்ன இடத்துக்குப் போய் ஒரு மாதம் காத்திருந்தும் எதிரி வரவில்லை என்கிறது கல். அரசன் அரசனுக்கு எழுதியது கல்லில் நின்றது. அந்த ஒரு மாதம் பாளையத்தில் கிடந்த படைவீரன் வீட்டுக்குச் சொல்லி அனுப்பியது காற்றோடு போயிற்று. கல்லில் இல்லை என்பதற்காக அவன் எதுவும் சொல்லி அனுப்பவில்லை என்று நாம் நினைப்பதில்லை. 1915ஐப் பற்றியும் அப்படி நினைக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். 1911 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒருவர். படிக்கத் தெரியாத மனைவிக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? அப்படியே எழுதினாலும், சிப்பாய் தோழனைக் கொண்டு எழுதுவித்து, ரெஜிமென்ட் அதிகாரி படித்து, தணிக்கை அலுவலகம் படித்து, ஊரில் தபால்காரரோ பள்ளிக்கூட வாத்தியாரோ திண்ணையில் உட்கார்ந்து மாமனார் மாமியார் முன்னிலையில் உரக்கப் படிக்கும் கடிதத்தில் புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல என்ன மிஞ்சும்? ஆட்சேபத்தின் முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். உறை மேல் மனைவியின் பெயர் பெரும்பாலும் இருந்திருக்காது. இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள முடியாது. அத்தனை பேர் காதில் விழும் என்று தெரிந்தே எழுதப்பட்ட கடிதத்துக்கு அதற்கேற்ற ஒரு மொழி உருவாகியிருந்தது. அந்த மொழியில் மனைவிக்குப் பெயர் ‘வீடு’.

தமிழில் இது இன்றைக்கும் உயிரோடு இருக்கும் வழக்கு. தகப்பனாருக்கு எழுதும் கடிதத்தில், மழை, அறுவடை, பங்காளி வழக்கு எல்லாம் விசாரித்த பிறகு, கடைசி வரியில் ‘வீட்டில் சௌக்கியமா?’ என்று ஒருவன் கேட்டால் அவன் சுவரையும் கூரையையும் விசாரிக்கவில்லை. படிப்பவருக்குத் தெரியும், கேட்டுக்கொண்டிருக்கும் மாமனாருக்குத் தெரியும், கதவுக்குப் பின்னால் நிற்பவளுக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். இந்தச் சொற்குடும்பம் முழுவதுமே அப்படிப்பட்டது. இல் என்பதிலிருந்து இல்லாள், மனையிலிருந்து மனைவி, அகத்திலிருந்து அகமுடையாள். குடும்பம், சம்சாரம் என்று எதை எடுத்தாலும் முழு வீட்டின் பெயரும் ஒருத்தியின் மேல் வந்து உட்காருகிறது. கணவன் பெயரை மனைவி வாயால் சொல்லாத காலத்தில், மனைவி பெயரைக் கணவன் காகிதத்தில் எழுதாததும் இயல்புதான். இதைப் பஞ்சாபிக் கடிதங்களை வைத்துக்கொண்டு தமிழ் இலக்கணம் பேசுவதாக யாரும் கருத வேண்டாம். இந்துஸ்தானியிலும் மனைவி கர்வாலி, வீட்டுக்காரிதான். இப்படிப்பட்ட ஒரு வரி ஆங்கிலமாகும்போது வீடு வெறும் வீடாகிவிடும். அசல் கைக்குக் கிடைக்காமல் மொழிபெயர்ப்பை மட்டும் படிக்கும் ஆராய்ச்சியாளர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார். அவளை முதலில் சல்லடை மறைத்தது, பிறகு மொழிபெயர்ப்பு மறைத்தது.

இன்னொரு ஆட்சேபமும் உண்டு, இது முதலாவதைவிடக் கூர்மையானது. ‘சௌக்கியம், சௌக்கியத்துக்குப் பதில்’ என்பது எல்லாக் கடிதத்திலும் வரும் வாய்பாடு. காயம்பட்டு ஆஸ்பத்திரியில் கிடப்பவனும் அதையே எழுதுவான். அர்த்தம் தேய்ந்துபோன வாய்பாட்டில் அன்பைத் தேடுவது நம் ஆசையை அதன் மேல் ஏற்றுவதாகாதா? இதற்குப் பதில், கடிதத்தின் வலது மூலையில் இருக்கிறது: தேதி. பிரிட்டிஷ் படை அந்தப் போரில் ஓர் அச்சடித்த அட்டை கொடுத்தது. நலமாக இருக்கிறேன், ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறேன், உன் கடிதம் வந்தது, வெகுநாளாகக் கடிதம் வரவில்லை என்று வரிகள். வேண்டாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் மட்டும் போட வேண்டும். வேறு ஒரு சொல் சேர்த்தாலும் அட்டை அழிக்கப்படும். மனிதப் பேச்சை இதைவிட வறட்டு வாய்பாடாக்க முடியாது. ஆனாலும் பல லட்சம் குடும்பங்கள் அந்த அட்டைக்காகக் காத்துக் கிடந்தன, ஏனென்றால் அந்தத் தேதியில் அவன் உயிரோடு இருந்தான் என்பதை அது சொன்னது. மெசபடோமியாவிலிருந்தோ பிரான்சிலிருந்தோ கடிதம் கடல் தாண்டி வர வாரங்கள் ஆகும். ‘இவ்விடம் சௌக்கியம்’ என்பதை அவள் ‘அந்தத் தேதியில் சௌக்கியம்’ என்றுதான் கேட்டிருப்பாள். மறு தபால் வரும்வரை அந்தத் தேதிதான் அவள் கையிலிருந்த முதல். வாய்பாடு தேயும் என்பது அமைதிக் காலத்து நியாயம்.

தணிக்கைச் சல்லடையிலேயே தப்பித்தவறி ஒட்டிக்கொண்ட சில துணுக்குகளும் என் பக்கம் பேசுகின்றன. பிரெஞ்சுப் பெண்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக, வயலையும் கடையையும் கணக்கையும் தனியாகக் கட்டிக் காப்பதைப் பார்த்த சிப்பாய்கள், நம் பெண்பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று ஊருக்கு எழுதினார்கள். இதை வெறும் முன்னேற்றச் சிந்தனை என்று படிக்கிறார்கள் பலர். எனக்கு அப்படி மட்டும் படவில்லை. மூன்றாம் ஆள் படித்துச் சொல்லாமல் தன் வீட்டுக்காரியே தன் கடிதத்தைப் படிக்க வேண்டும் என்று ஏங்கியவனுக்குத்தான் அந்த வரி அவ்வளவு வேகத்தோடு வரும். மறுபக்கத்திலிருந்தும் குரல் இருக்கிறது. யாரையோ கொண்டு எழுதுவித்த மனைவியரின் கடிதங்கள் சிலவற்றையும் தணிக்கை பிடித்தது. அவற்றில் கெஞ்சலும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது: அவனவன் லீவில் வந்து போகிறான், நீ மட்டும் ஏன் வரவில்லை?

தமிழ்ச் சிப்பாய் இந்தத் தொகுப்புகளில் அரிதாகத் தென்படுவதற்குத் தனிக் காரணம் உண்டு. ‘போர்க்குணமுள்ள இனம்’ என்ற கொள்கை வலுத்தபோது, 1880களில் சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ் போன்றவர்கள் தென்னாட்டுச் சிப்பாயைத் தாழ்வாக மதிப்பிட்டார்கள்; சென்னைக் காலாட்படை சுருங்கியது. இருந்தவர்களும் பெரும்பாலும் பிரான்சுக்குப் போகவில்லை. 63ஆவது பாளையங்கோட்டைக் காலாட்படையும் 61ஆவது பயனியர்களும் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா சண்டையில் இருந்தார்கள். மதராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவுக்குப் போனார்கள். பிரான்சில் இருந்ததுபோல வாரந்தோறும் அறிக்கை எழுதிய ஒரு ஹோவெல் அவர்களுக்கு வாய்க்கவில்லை. அதனால் அவர்கள் கடிதங்கள் முழுதாக வீடுகளுக்கே போய்ச் சேர்ந்தன. இருந்தால் அங்கேதான் இருக்கும்.

மின்யானோவை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்கிறேன். காஞ்சிபுரத்துக்கு அருகே கீழ்ஒட்டிவாக்கத்திலிருந்து போய், மதராஸ் சாப்பர்களில் சுபேதாராகி, 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் தன் ஆட்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் தானே விழுந்து உயிர்விட்ட சுப்பிரமணியனின் கதை அது. ஜார்ஜ் கிராஸ் பெற்றவர். அவரை அவசரமாகச் சொல்லி முடிக்க விருப்பமில்லை.

அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பட்டாளத்துக்குப் போன தாத்தாவோ பெரிய தாத்தாவோ இருந்தால், டிரங்குப் பெட்டியின் அடியில், நிலப்பத்திரக் கட்டோடு, மணியார்டர் துண்டுகளோடு பழுப்பேறிய கடிதம் ஏதாவது கிடக்கலாம். ஒன்றுமில்லாத கடிதம் என்று தூக்கிப் போடாதீர்கள். கடைசி வரியைப் பாருங்கள். ‘வீட்டில் சௌக்கியமா’ என்றோ ‘வீட்டில் விசாரித்ததாகச் சொல்லவும்’ என்றோ இருந்தால், தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வையுங்கள். ஒரு நகலை ஆசிரியருக்கும் அனுப்புங்கள்.