கட்டாயக் காப்புறுதி ஏன்?

என் தமக்கையின் மகன் கல்லூரிப் படிப்பை முடித்து ஓர் ஆலையில் வேலைக்கு அமர்ந்தான். மாத ஊதியம் 20,000 ரூபாய். முதல் மாதச் சம்பளச் சீட்டில் கண்ட பிடித்தங்களுள் ஒன்று, தொழிலாளர் அரசு ஈட்டுறுதிக்கென 150 ரூபாய். இ.எஸ்.ஐ. என்று மூன்றெழுத்தில் யாவரும் வழங்குவது இதுவே. "மாமா, எனக்கு ஒரு நோயும் இல்லை. என்னைக் கேளாமலே இதில் சேர்த்துவிட்டார்களே, இது நியாயமா?" என்று என்னிடம் வந்து கேட்டான்.

இக்கேள்வி புதியதன்று. 1883ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிஸ்மார்க் தொழிலாளருக்கு நோய்க் காப்புறுதியைக் கட்டாயமாக்கியபோதும், 1911இல் பிரிட்டன் அவ்வழியைப் பின்பற்றியபோதும் இதே கேள்வி எழுந்தது. நம் நாட்டில் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, 1948இல் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் பிறந்தது. 1952 பிப்ரவரி 24ஆம் நாள் கான்பூரிலும் டில்லியிலும் திட்டம் தொடங்கிற்று. 1955இல் அது கோயம்புத்தூருக்கு வந்தது. அச்சட்டம் பின்னர் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. எனினும் கட்டாயம் என்னும் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படையை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். ஓர் ஆலையில் நூறு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பத்துப் பேர் நோயுறுகின்றனர். ஒவ்வொருவருக்கும் ஆயிரம் ரூபாய் செலவாகிறது. மொத்தம் பத்தாயிரம். நூறு பேரும் பகிர்ந்துகொண்டால் தலைக்கு நூறு ரூபாய். இனி, விரும்பியவர் மட்டும் சேரலாம் என்று விட்டுவிடுவோம். திடமான உடல் படைத்த ஐம்பது பேர் விலகுவர். நோயாளிகள் விலகமாட்டார்கள். செலவு அதே பத்தாயிரம். பங்கோ தலைக்கு இருநூறாகிவிடும். அதைக் கண்டு இன்னும் சிலர் விலகுவர். பங்கு மேலும் ஏறும். இறுதியில் நோயாளிகள் மட்டுமே எஞ்சி நிற்க, நிதியே கவிழ்ந்துவிடும். இந்த நோய்க்கு மருந்தாக வந்ததே கட்டாயம்.

இக்கட்டாயம் தொழிலாளியைக் காட்டிலும் முதலாளியையே மிகுதியாகக் கட்டுப்படுத்துகிறது. 2019 ஜூலையில் வகுத்த விகிதப்படி முதலாளியின் பங்கு ஊதியத்தில் நூற்றுக்கு 3.25, தொழிலாளியின் பங்கு 0.75. என் மருமகன் 150 ரூபாய் கொடுக்க, அவன் முதலாளி 650 ரூபாய் கொடுக்கிறார். தம் பங்கை முதலாளி தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது. மிகக் குறைந்த கூலி பெறுவோரிடம் அவர்களுடைய பங்கும் வாங்கப்படுவதில்லை. சேர்வது தொழிலாளியின் விருப்பம் என்றிருந்தால், "எனக்குக் காப்புறுதி வேண்டாம்" என்று எழுதிக் கொடுப்பவனுக்கே சிலர் வேலை தருவர். பசித்தவன் கையெழுத்திட மறுப்பானா?

கொடுத்த பணத்துக்கு ஈடு யாது? தொழிலாளிக்கும் குடும்பத்தார்க்கும் மருத்துவம் கிடைக்கிறது. நோயுற்று வேலைக்குச் செல்ல இயலாத நாட்களில், உரிய காலம் பங்கு செலுத்தியவருக்கு ஊதியத்தில் நூற்றுக்கு 70 வீதம், ஆண்டுக்கு 91 நாட்கள் வரை உதவித்தொகை உண்டு. மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் முழு ஊதியம் உண்டு. வேலையிடத்து விபத்தில் ஊனமுற்றார்க்கும், உயிர் நீத்தாரின் குடும்பத்துக்கும் உதவி உண்டு.

குறை இல்லையா எனின், உண்டு. இளமையில் நான் ஒரு பட்டறையில் எழுத்தராயிருந்தேன். ஒருமுறை காய்ச்சலோடு காப்புறுதி மருந்தகத்தில் அரைநாள் காத்து நின்றேன். என் முறை வந்தபோது, எழுதித் தந்த மருந்து இருப்பில் இல்லை. கடையில் காசு கொடுத்து வாங்கினேன். அன்று எனக்கு வந்த சினம் நியாயமானதென்றே இன்றும் கருதுகிறேன். விரும்பிச் சேர்ந்த இடம் சரியில்லையென்றால் விலகிக்கொள்ளலாம்; கட்டாயமாகச் சேர்த்த இடத்தில் அந்த வழி இல்லை. ஆகவே, கட்டாயப்படுத்தும் அரசுக்கு நல்ல மருத்துவமும் போதிய மருந்தும் அளிக்கும் கடமை இருமடங்காகிறது. சேர்ந்தவர்களும் அவற்றை உரிமையோடு கேட்டுப் பெறவேண்டும். குறையைத் திருத்தவேண்டுமேயன்றி, பொது நிதியைக் கலைத்துவிடலாகாது.

இவ்வளவும் சொன்ன பின்னும் மருமகன் முகம் தெளியவில்லை. "உனக்கு நோயில்லை, உன் தாய்க்கு?" என்றேன். என் தமக்கை பல்லாண்டுகளாக நீரிழிவு நோயால் வருந்துபவர். மகனை நம்பியே வாழ்பவர். மகன் சேர்ந்ததால் அவருக்கும் மருத்துவம் உரியதாகிறது. வயதென்ன, முன்பே நோயுண்டா என்று பார்த்து இங்கே பங்கை உயர்த்துவதில்லை. ஊதியத்துக்குத் தக்க பங்கு, நோய்க்குத் தக்க மருத்துவம் என்பதே திட்டத்தின் நெறி. அவனைப் போன்ற நோயற்ற இளைஞர் ஆயிரவர் இதில் சேர்ந்திருப்பதனாலேயே அவன் தாய்க்கு மருந்து கிடைக்கிறது.

சிறிது நேரம் பேசாதிருந்தான். பிறகு, "அம்மாவின் பெயரைப் பதிவு செய்ய என்னென்ன சான்றுகள் வேண்டும், மாமா?" என்று கேட்டான்.