எண்ணெயைத் தின்னும் பாக்டீரியா பாதரசத்தை என்ன செய்யும்?

டீசல் சிந்திய மண்ணைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். மெக்கானிக் பட்டறைத் தரையிலேயே அவை இருக்கின்றன. சூடோமோனாஸ் போன்றவற்றுக்கு எண்ணெய்தான் சாப்பாடு. எண்ணெய் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி. பாக்டீரியாவின் நொதி அதில் ஆக்சிஜனைச் செருகுகிறது. சங்கிலி கொழுப்பு அமிலமாகி, துண்டு துண்டாக உடைந்து, கடைசியில் கரியமில வாயுவும் தண்ணீருமாகிறது.

எண்ணெயில் கார்பன் கொட்டிக் கிடக்கிறது. நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் பற்றாக்குறை. அதனால் மண்ணைப் பரப்பி, யூரியாவும் பாஸ்பேட்டும் இட்டு, ஈரம் காத்து, அடிக்கடி கிளறிவிடுகிறார்கள். 1989-ல் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் படிந்த அலாஸ்காக் கரையில் உரம் தெளித்ததும் இதற்காகத்தான். டெல்லியின் டெரி நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்ஜாப்பர்’ பாக்டீரியாக் கலவை நம் சுத்திகரிப்பு ஆலைகளின் எண்ணெய்ச் சகதியில் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் கொடைக்கானல் மண்ணிலும் விடலாமே என்று கேட்கத் தோன்றும். அங்கே கிடப்பது எண்ணெய் அல்ல, பாதரசம். 1980-களில் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்த தெர்மாமீட்டர் ஆலை பின்னர் ஹிந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில் கொடைக்கானலின் மூஞ்சிக்கல் பகுதியில், பழைய சாமான் கடை ஒன்றில் அந்த ஆலையின் பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவை ஊர்மக்கள் கண்டுபிடித்தார்கள், ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை வளாக மண்ணில் கலந்த பாதரசம் அதோடு போகவில்லை. அந்த வளாகத்தை ஒட்டித்தான் பாம்பார் சோலை சரிகிறது.

பாதரசம் ஒரு தனிமம். உடைப்பதற்கு அதில் சங்கிலியே கிடையாது. எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது, வடிவத்தை மட்டுமே மாற்ற முடியும். சில பாக்டீரியாக்கள் தம்மைக் காத்துக்கொள்ள, பாதரச உப்பை உலோகப் பாதரசமாக்கி ஆவியாக வெளியேற்றிவிடும். ஜெர்மனியில் ஆலைக் கழிவுநீரை இந்தப் பாக்டீரியா நிறைந்த மூடிய தொட்டிகளில் செலுத்தி, பாதரசத்தை உள்ளேயே பிடித்துவைத்தார்கள். அருமையான வேலை, ஆனால் மூடிய தொட்டிக்குள் மட்டும். திறந்த மலைச்சரிவில் அதைச் செய்தால் நஞ்சு காற்றில் ஏறி, வேறெங்கோ இறங்கும்.

இதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் வாழும் சில பாக்டீரியாக்கள் பாதரசத்தை மீதைல் பாதரசமாக மாற்றுகின்றன. ஜப்பானின் மினமாட்டா ஊர் மக்களின் நரம்புகளைச் சிதைத்தது இந்த வடிவம்தான். மீன்களில் சேர்ந்து, பெரிய மீன்களில் மேலும் செறிந்து, தட்டுக்கு வருகிறது. சோலை ஓடைகளின் அடிச்சேற்றில் பாதரசம் சேரவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

ஆகவே கொடைக்கானலுக்கு வகுக்கப்பட்ட வழி வேறு: மண்ணைத் தோண்டிக் கழுவுவது, பாதரசம் மிகுந்த பகுதியை வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியைக் குளிர்வித்துப் பிடிப்பது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்று வைத்த அளவு போதாது, சோலைக்காடு இருக்கும் இடத்தில் இன்னும் கடுமையான அளவு வேண்டும் என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். அந்தக் கோரிக்கை நியாயமானது. மண் சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், மிச்சம் எத்தனை மில்லிகிராம், ஓடைச் சேற்றையும் மீனையும் சோதித்தீர்களா என்று கேளுங்கள்.