முதல் கோல்ஃப் போட்டிக்கு முன்னே

கோல்ஃப் ஆட்டத்தில் நாம் அடிக்கும் அடிகளை எண்ண, பெரும்பாலும் நடுவர் எவரும் பின்னால் வருவதில்லை. உடன் ஆடுபவர் நம் கணக்கை எழுதுவார். அவர் கணக்கை நாம் எழுதுவோம். ஆதலால் முதன்முறை இளையோர் போட்டிக்குச் செல்லும் நாம், கையோடு மனத்தையும் பழக்கிக்கொள்ள வேண்டும்.

முந்திய இரவே பையைச் சோதிப்போம். மட்டைகள் 14-க்கு மேல் இருத்தல் கூடாது. பந்தில் நமக்கென ஓர் அடையாளம் இடுவோம். இல்லையேல் புல்லுக்குள் கிடப்பது நம்முடையதுதானா என்று சொல்ல இயலாது. தொலைந்த பந்தைத் தேட 3 நிமிடமே உண்டு. தண்ணீர், தொப்பி, பென்சில் ஆகியவற்றையும் மறவோம்.

குறித்த நேரத்துக்குச் சற்றுப் பிந்தினாலும் 2 அடி தண்டனை. 5 நிமிடம் பிந்தினால் போட்டியிலேயே இடமில்லை. எனவே முன்கூட்டியே சென்று, பயிற்சித் தரையில் பந்தை உருட்டிப் பார்த்து, அன்றைய புல்லின் வேகத்தை அறிவோம்.

ஒவ்வொரு குழி முடிந்ததும் கணக்கைச் சரிபார்ப்போம். அடித்ததைவிடக் குறைத்து எழுதிய அட்டையில் கையொப்பமிட்டால் நீக்கப்படுவோம். கூட்டி எழுதியிருந்தால் அதுவே நிலைக்கும்.

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு வீராங்கனை அதிதி அசோக், ஒரே ஓர் அடியில் பதக்கத்தை இழந்து நான்காம் இடம் பெற்றார். ஓர் அடியின் மதிப்பு அத்தகையது. அதனை மறைக்காமல் எழுதப் பழகுவதே நம் முதல் வெற்றி.