பரணில் கிடந்த போர்த் துப்பாக்கி

ஷோனெஃபெல்ட் என்றதும் இன்று நினைவுக்கு வருவது 2020 அக்டோபரில் திறந்த பெர்லின் விமான நிலையம். ஹிட்லர் காலத்தில் இங்கே ஹென்ஷல் நிறுவனத்தின் போர் விமானத் தொழிற்சாலை இருந்தது. 1945 ஏப்ரல் கடைசியில், இதே மாவட்டத்தில் தெற்கே உள்ள ஹால்பே காடுகளில் ஜெர்மனியின் 9-வது ராணுவத்தைச் செஞ்சேனை சுற்றி வளைத்துச் சிதறடித்தது. அந்தக் காட்டு மண்ணிலிருந்து ஆயுதங்களும் எலும்புகளும் இன்றும் கிடைக்கின்றன. 1946 ஜனவரி 7-ல் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு ஓர் ஆணை போட்டது. ஆயுதம் வைத்திருப்பவர் எல்லாம் ஒப்படைக்க வேண்டும், மீறினால் மரண தண்டனை வரை போகலாம். அதற்குப் பிறகும் ஒருவர் வீட்டில் துப்பாக்கி தங்கியது என்றால், அது உயிர்ப்பயத்தோடு ஒளித்து வைத்ததாகத்தான் இருக்கும்.

அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. வீட்டைக் காலி செய்யும் பேரப்பிள்ளைகள் கையில், எண்ணெய்த் துணியில் சுற்றிய துப்பாக்கி அகப்படுகிறது. என்ன விலை போகும் என்பதுதான் பலருக்கும் முதல் கேள்வி. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உள்ளே தோட்டா இருக்கிறது என்றே எண்ணி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். காரில் போட்டு நிலையத்துக்கு எடுத்துப் போகக் கூடாது. உரிமமில்லாமல் எடுத்துச் செல்வதே குற்றம்.

தாத்தா உரிமத்தோடு வைத்திருந்தால் வாரிசுக்கு வழி எளிது. சொத்தை ஏற்ற ஒரு மாதத்துக்குள் விண்ணப்பித்தால் உரிமம் கிடைக்கும். வேட்டைக்காரரோ விளையாட்டுச் சுடுவீரரோ அல்லாத வாரிசு, குழலுக்குள் பூட்டு ஒன்றைப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஒளித்து வைத்த துப்பாக்கிக்கு இந்தச் சலுகை கிடையாது. விதிவிலக்கும் உண்டு. 1871-க்கு முன் உருவான டிரைசே ஊசித் துப்பாக்கியை 18 வயது நிரம்பியவர் உரிமமின்றியே வைத்திருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்து வந்த 1871 மவுசருக்கு உரிமம் வேண்டும்.

அடையாளம் காணத் தையல்காரர் நாடாவே போதும். முழு நீளம் 125 சென்டிமீட்டர் என்றால் முதல் உலகப் போரின் கெவேர் 98. 111 சென்டிமீட்டர் என்றால் பெரும்பாலும் 1935 முதல் ஹிட்லர் படை ஏந்திய காரபீனர் 98கே. அடுத்து, குழலின் அடிப்பக்கத்தை ஏந்தும் இரும்பு வளையத்தின் மேல்புறத்தைப் பார்க்க வேண்டும். கைசர் காலம் என்றால் கிரீடமும் 'ஸ்பாண்டாவ்' போன்ற ஊர்ப் பெயரும் ஆண்டும் தெரியும். நாஜிகள் ஆலையின் பெயரை மறைத்துக் குறியீடு போட்டார்கள். 'எஸ்/42', பிறகு 'பிஒய்எஃப்' என்றால் ஓபர்ண்டார்ஃப் மவுசர் ஆலை. '243', 'ஏஆர்' என்றால் பெர்லினின் போர்சிக்வால்டே. நம்மூர்க் காவலர்கள் தோளில் பார்த்த, வெள்ளையர் காலத்து 303 துப்பாக்கியிலும் இதேபோல் கிரீடமும் இஷாப்பூர் ஆலைப் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும்.

விலை நிற்பது எண்களின் மேல். குழல், போல்ட், மரக்கட்டை, சின்னத் திருகுகள் வரை அதே வரிசை எண்ணோ அதன் கடைசி இலக்கங்களோ இருந்தால், ஆலையை விட்டு வந்த கோலத்திலேயே அது பிழைத்திருக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்குப் பல மடங்கு கொடுப்பார்கள். பக்கவாட்டில் பெருக்கல் குறியும், போல்ட்டில் மின்முனையால் கீறிய எண்ணும் இருந்தால், செஞ்சேனை கைப்பற்றிப் பழுதுபார்த்த துப்பாக்கி. கதிர் விரித்த சூரியன் போன்ற முத்திரை கிழக்கு ஜெர்மனியில் பழுதுபார்த்ததற்கு அடையாளம். சந்தையில் இவற்றுக்கு விலை குறைவு. எனக்கோ இவைதான் இந்த மண்ணின் கதையை முழுதாகச் சொல்பவை என்று தோன்றுகிறது.

தயவுசெய்து துடைக்காதீர்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கட்டையில் குத்திய சோதனை முத்திரைகள் போய்விடும். அப்படிப் போனதை எவராலும் மீட்க முடியாது. பொதுவில் காட்ட ஜெர்மனியில் தடை உள்ள ஸ்வஸ்திகாவையும் அரத்தால் அராவ வேண்டாம். படத்தில் அதை மறைத்தால் போதும். சுட்டுப் பார்க்கும் ஆசையும் கூடாது. மாற்றியமைக்காத 1888 மாதிரி ஜெர்மன் துப்பாக்கியின் குழல், பின்னால் வந்த தடித்த தோட்டாவுக்கு ஏற்றதல்ல.

பயந்துபோய் உடனே அழிக்கச் சொல்பவர்களும் உண்டு. 2016 ஏப்ரலில் அமலான ஐரோப்பிய விதிப்படி செயலிழக்க மட்டும் செய்தாலும், பற்றவைப்பில் உட்பாகங்கள் பாழாகும். அதற்குமுன் முத்திரைகள் அனைத்தையும் படமெடுக்கக் காவலரிடம் அனுமதி கேளுங்கள். தாத்தாவின் படைச் சேவைப் புத்தகம் இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். உரிமமுள்ள சேகரிப்பாளருக்கோ அருங்காட்சியகத்துக்கோ துப்பாக்கியை மாற்றித்தர அவகாசம் கேளுங்கள். ஜெர்மன் ஆயுதச் சட்டம் அதற்கு இடம் தருகிறது.